மான்கள் ஏறும் கரை

கெட்டா ஆறு, கிராமம்
ஜூன் 27

லூஷாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஆற்றுப் பனிக்கட்டியில் சிக்கிக் கிடந்தனவா, அல்லது பதில் எழுதத்தான் உங்களுக்குச் சோம்பலா? முதல் படகு வந்த அன்று, ரொட்டிக் கூடத்து அடுப்பில் ஊருக்கான ரொட்டியைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன். மீன்படகு இக்நாத் மாமா இறங்கினார், அவருடைய நாய் இறங்கியது, கடிதம் மட்டும் இறங்கவில்லை. ரொட்டி கருகிவிட்டது, ஊரே என்னைத் திட்டியது. ரேடியோவில் பேசலாம்தான். ஆனால் நாம் கொஞ்சிக்கொண்டாலும் சண்டை போட்டாலும் ஆற்றங்கரை முழுக்கக் காது கொடுத்துக் கேட்கும்.

லூஷாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நர்ஸ் இனிப் பயமில்லை என்கிறார். போன இலையுதிர் காலத்தில் நம் படகு இன்ஜின் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால், இந்நேரம் நாங்களும் ஆற்றின் மேலே முகாமில் உங்களோடு இருந்திருப்போம். இந்த செப்டம்பரிலாவது வந்து அழைத்துப் போங்கள். ரொட்டிக் கூடத்து மாவு வாசனை எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு மாவ்ரா அக்காவை நினைவிருக்கும், புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறாளே, அவள்தான். முந்தாநாள் தண்ணீர் மொள்ளப் போனவள் வெறும் வாளியோடு திரும்பி வந்தாள்.

"அகுலினா, ஆத்துல மான் மெதந்து வருதுடி."

"வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு முழுகிச் சாகறதுதானே அக்கா."

"கொம்பக் காணோம்டி. மண்டையோட சேத்து அறுத்து எடுத்திருக்காங்க."

நான் போய்ப் பார்த்தேன். எல்லாமே பெரிய ஆண் மான்கள். இறைச்சியை யாரும் தொடவில்லை, தோலை உரிக்கவில்லை. கொம்பு மட்டும் இல்லை. எங்களுக்கு மேலே உங்கள் முகாமைத் தவிர ஆற்றங்கரையில் யாரும் கிடையாது. அந்நியர்கள் யாராவது வந்திருக்கிறார்களா? ஜாக்கிரதையாக இருங்கள். எனக்கு மனம் சரியில்லை.

உங்கள்
அகுலினா


மேல் முகாம்
ஜூலை 4

என் அகுலினாவுக்கு,

கருகிய ரொட்டியில் ஒன்றை இக்நாத் மாமாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இங்கே அதுவும் கிடையாது. பதில் எழுதாதது சோம்பலால் அல்ல, பேனா மை உறைந்துவிட்டது என்று சொன்னால் நம்புவாயா? சரி, நம்ப வேண்டாம்.

இந்த ஆண்டு மான்களுக்கு நேரம் சரியில்லை. பிப்ரவரியில் மழை பெய்தது, தெரியுமா? பனிமேல் பெய்த மழை அப்படியே கண்ணாடியாக உறைந்து, அடியில் இருக்கிற பாசியைக் குளம்பால் தோண்ட முடியாமல் மான்கள் பட்டினி கிடந்தன. பெண்மான்கள் எலும்பும் தோலுமாக, மிகவும் தாமதித்து வந்து சேர்ந்தன. அதற்குள் ஆற்றின் பனிக்கட்டி உடைந்துவிட்டது. வடக்கே போய்ப் போட வேண்டிய குட்டிகளை இந்தக் கரையிலேயே போட்டன. அந்தக் குட்டிகளை ஆறு எப்படிக் கடத்துவது? எத்தனையோ போயிற்று. நீ பார்த்தவையும் அப்படி மூழ்கியவைதான்.

கொம்பைப் பற்றி எனக்குத் தெரியாது. தெற்கிலிருந்து சிலர் மோட்டார் படகுகளில் வந்து நம் முகாமுக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள். வதீம் என்பவன் அவர்களுக்குத் தலைவன். நல்ல மாதிரியான ஆட்கள்தான். சர்க்கரை, தேயிலை எல்லாம் தந்தார்கள். இன்னொரு நல்ல செய்தி, நமக்கு ஒரு புது இன்ஜின் கிடைக்கும் போலிருக்கிறது. எப்படி என்று நேரில் சொல்கிறேன். செப்டம்பரில் உங்கள் இருவரையும் ராணி மாதிரி ஏற்றிக்கொண்டு வருவேன்.

லூஷாவுக்கு முத்தம்.

பிரகோபி


கிராமம்
ஜூலை 11

லூஷாவின் அப்பாவுக்கு,

சர்க்கரையை யாரும் சும்மா தருவதில்லை. நீங்களும் நானும் குழந்தைகள் இல்லை.

நேற்று ஒரு மான் உயிரோடு வந்தது. எப்படி இவ்வளவு தூரம் நீந்தி வந்ததோ, துறைக்குக் கீழே கரையேறி நின்றது. நெற்றி திறந்து கிடந்தது. ரத்தம் இரண்டு கண்ணிலும் வழிந்து, அதற்குப் பார்வை தெரியவில்லை. குழந்தைகள் கத்துகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது. லூஷா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அதுக்கு எதுவும் தெரியல, யாராவது மொகத்தத் தொடச்சு விடுங்களேன்" என்றாள். மாவ்ரா அக்காதான் கத்தியோடு போய் அதை முடித்தாள். யாரும் தின்னவில்லை. இப்போது குடிக்கிற தண்ணீருக்கு நாங்கள் எல்லோரும் ஏரிக்குப் போகிறோம். ஆற்றுத் தண்ணீர் நாறுகிறது.

இக்நாத் மாமா துறையில் எல்லோரும் இருக்கும்போது ஒன்று சொன்னார்: "மேல் முகாம் வளைவுல தண்ணிக்கடியில பாறை பல்லு மாதிரி நிக்கும். தெக்கத்தி ஆளு தனியா மோட்டார விரட்டுனா அன்னைக்கே படகு ரெண்டா பொளந்திருக்கும். வழி காட்ட நம்மாளு ஒருத்தன் இருக்கான்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வலையை மடித்தார். எல்லோருமே என்னைப் பார்க்காமல் இருந்தார்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். படகை ஓட்டுவது யார்?

அகுலினா


மேல் முகாம்
ஜூலை 17

என் அகுலினாவுக்கு,

நான்தான். சுக்கானை மட்டும்தான் பிடித்தேன். ரம்பம் அவர்கள் கையில்.

மான் நீந்தும்போது அதற்குத் தப்பிக்க வழி இல்லை என்று உனக்குத் தெரியும். படகு பக்கத்தில் போகும், ஒருவன் கொம்பைப் பிடிப்பான், இன்னொருவன் அறுப்பான். தோல் போர்த்திய இளங்கொம்பு, உள்ளே ரத்தம் ஓடுகிற கொம்பு, அதைத் தெற்கே மருந்துக்கு வாங்குகிறார்களாம். "நாம கொல்லலையே மச்சான், அடுத்த வருஷம் மொளச்சிடும்" என்றான் வதீம். முளைக்கும்தானே? ஆண்டுதோறும் தானாக விழுந்து முளைப்பதுதானே? முதல் நாள் நான் அப்படித்தான் நினைத்தேன்.

என்னைத் திட்டுவதற்கு முன் இதையும் கேள். அரசுப் பண்ணையை மூடியபோது நம்மை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? எரிவாயுக் குழாயைப் போட்டவர்கள் மானிடம் வழி கேட்டுக்கொண்டா போட்டார்கள்? மேற்கே ஆலைப் புகையில் கண்ணுக்கு எட்டிய தூரம் பாசி கருகிக் கிடக்கிறது. பனி உடைக்கும் கப்பல் குளிர்காலத்திலேயே ஆற்றைப் பிளந்துகொண்டு போகிறது. எல்லோரும் சேர்ந்து தின்கிற மானை நான் மட்டும் காப்பாற்ற வேண்டுமா? தோட்டா இல்லை, மாவு இல்லை, மனைவியும் மகளும் பக்கத்தில் இல்லை. இன்ஜின் வந்தால் நீங்கள் வருவீர்கள். அதுதான் என் கணக்கு.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. போன வாரம் நடு ஆற்றில் படகுகள் வட்டமடித்தபோது, கூட்டம் முழுவதும் திரும்பி, வந்த கரைக்கே நீந்தியது. அப்படி நான் கண்டதே இல்லை. அதற்குப் பிறகு மான் ஆற்றைக் கடக்கிற நம் கடவில் புதிதாக ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. ஆகஸ்டில் வடக்கிலிருந்து திரும்பும் கூட்டமும் இந்தப் பக்கம் வராது என்று நினைக்கிறேன்.

உன் அப்பா ஒரு கடவு வைத்திருந்தார் இல்லையா, உன்னைத் தவிர யாருக்கும் காட்டாமல்? அது எங்கே? அங்கே ஆறு எவ்வளவு அகலம்? தண்ணீர் வேகமா?

பிரகோபி


கிராமம்
ஜூலை 23

லூஷாவின் அப்பாவுக்கு,

சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு பிசைந்தேன். பிசைந்து பிசைந்து அது ரப்பர் ஆகிவிட்டது. நீங்கள் சொல்கிற குழாயும் புகையும் கப்பலும் உண்மைதான். அவர்களுக்கு மான் யாரோ. உங்களுக்கு அப்படியா?

நமக்குக் கல்யாணமான முதல் இலையுதிர் காலத்தில், முதலில் வந்த கூட்டத்தைப் பார்த்து உங்கள் அண்ணன் சுட்டுவிட்டார். அவரோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தது யார்? அவர் ஓர் ஆளைச் சமாதானத்துக்கு அனுப்பியபோது, நீங்கள் சொன்னதை நான் சறுக்குவண்டிமேல் கட்டிய நம் வீட்டுக்குள் இருந்து கேட்டுச் சிரித்திருக்கிறேன்: "முன்னால வர்ற கெழவி வழி தெரிஞ்சவ. அவளத் தின்னுட்டா அடுத்த வருஷம் கூட்டத்த யாரு கூட்டிட்டு வருவா, அவன் பொண்டாட்டியா?" அந்த மனிதரைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

ஊரில் இறைச்சி அறைகள் காலி. மாவ்ரா அக்கா போன வருஷத்து எலும்பையே மூன்றாம் தடவையாக வேகவைக்கிறாள். கடைக்கு மாவுப் படகு வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பும் கூட்டம் எங்காவது ஓரிடத்தில் நிம்மதியாக ஆற்றைக் கடந்தால்தான் இந்த ஊர் குளிர்காலத்தைத் தாண்டும்.

இன்ஜின் வேண்டாம். நடந்தாவது வந்துவிடுங்கள். ரொட்டிக் கூடத்தில் விறகு பிளக்க ஆள் தேவை.

உங்கள்
அகுலினா


மேல் முகாம்
ஜூலை 30

என் அகுலினாவுக்கு,

அண்ணன் கதையை நினைவுபடுத்தி நன்றாகவே அடித்தாய். வலித்தது.

வர முடியாது. என் துப்பாக்கியை "பத்திரமா வெச்சிருக்கேன் மச்சான்" என்று வதீம் வாங்கி வைத்துக்கொண்டான். நம் வீட்டுக்குள் நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்கிறான். அடுப்புக்குள் எச்சில் துப்புகிறான். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நாய்கள்கூட இப்போது வீட்டுப் பக்கம் வருவதில்லை, தள்ளிப் போய்ப் படுக்கின்றன.

ஆனால் அவர்கள் கிளம்பப் போகிறார்கள். இங்கே மான் இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் போன பிறகு நான் தனியாகப் போகிறேன், துடுப்புப் படகில், ஈட்டியோடு, நம் ஆட்கள் போவது மாதிரி. குளிர்கால இறைச்சிக்கு மட்டும். பாதியை ஊருக்கு அனுப்புகிறேன், மாவ்ரா அக்காவுக்கு முதல் பங்கு. சத்தியமாகச் சொல்கிறேன். உன் அப்பாவின் கடவு எங்கே என்று சொல். தண்ணீர் எவ்வளவு அகலம், நடுவில் மணல்திட்டு உண்டா, மான் எவ்வளவு நேரம் நீந்த வேண்டியிருக்கும், இதையெல்லாம் விவரமாக எழுது. ஆகஸ்ட் நடுவுக்குள் போயாக வேண்டும்.

என்னை நம்பு. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன்
பிரகோபி


கிராமம்
ஆகஸ்ட் 5

லூஷாவின் அப்பாவுக்கு,

இரண்டு நாள் யோசித்தேன். சொல்கிறேன்.

செங்கால் சிற்றாறு கெட்டாவில் கலக்கிற இடத்திலிருந்து மேலே போங்கள். இரண்டாவது வளைவு. மான் இறங்குகிற கரை தாழ்வான மணல். ஆறு அங்கே நல்ல அகலம், நடுவில் திட்டு கிடையாது, தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும். நீந்தி முடிக்க வெகுநேரம் ஆகும். எதிர்க்கரையில் சிவப்புக் களிமண் சரிவு, இரண்டு வீட்டு உயரம் இருக்கும், அடியில் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். அதுதான் அடையாளம், தவறவே தவறாது.

தனியாகப் போங்கள். துடுப்பால் போங்கள். போனதும் படகைக் கட்டிவிட்டு முதலில் உட்கார்ந்து இரண்டு கரையையும் பாருங்கள். அவசரப்பட வேண்டாம்.

உங்களுக்குப் புதுக் கையுறை தைத்து அனுப்பியிருக்கிறேன். லூஷா உள்பக்கம் ஒரு தையல் போட்டாள், கோணலாக இருக்கும், பிரிக்காதீர்கள்.

அகுலினா


மேல் முகாம்
ஆகஸ்ட் 24

அகுலினா,

அங்கே ஒரு மான் இல்லை. ஒரு மயிர்கூட இல்லை.

தனியாகத்தான் போக நினைத்தேன். உன் கடிதம் வந்த நேரத்தில் வதீம் பக்கத்தில் இருந்தான். "என்ன மச்சான், வீட்டுக்காரி என்ன எழுதியிருக்கா, படி கேப்போம்" என்றான். நானும் குடித்திருந்தேன். படித்தேன். தண்ணீர் அகலம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. எல்லாப் படகையும், இருந்த பெட்ரோல் முழுவதையும் எடுத்துக்கொண்டு போனோம். நாள் கணக்கில் காத்திருந்தோம். கொசுவும் மழையும்தான் வந்தன. கொம்பின் தோல் காயத் தொடங்கிவிடும், அப்புறம் அதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவன் தினமும் என்னிடம் கத்தினான். கடைசியில் என்னைக் கரையில் தள்ளிவிட்டு, நம் படகையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். துப்பாக்கியும் போயிற்று. இன்ஜின் என்று ஒன்று வரவே இல்லை.

சதுப்பு வழியாக நடந்து வந்து சேர்ந்தேன். வலது கால் வீங்கி, பூட்ஸுக்குள் நுழையவில்லை. வலை இருக்கிறது, மீன் விழுந்தால் சாப்பாடு. நாய்களில் ஒன்றுதான் மிச்சம்.

உன் அப்பா உன்னிடம் பொய் சொன்னாரா, நீ என்னிடம் பொய் சொன்னாயா?

பிரகோபி


கிராமம்
செப்டம்பர் 9

பிரகோபிக்கு,

அப்பா பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இறைச்சிக்குப் போகிறவன் மான் கரையேறுகிற இடத்தைத்தான் கேட்பான். ஏறும் கரை சரிவாக இருக்கிறதா, கல்லா மண்ணா, குட்டியால் ஏற முடியுமா, எங்கே ஒளிந்து உட்காரலாம் என்று கேட்பான். நீங்கள் இரண்டு கடிதத்திலும் தண்ணீரை மட்டுமே கேட்டீர்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் நீந்தும் என்று. அந்தக் கேள்வி ரம்பக்காரனுடையது. அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் வழுக்குகிற களிமண் சரிவை மறைக்காமல் எழுதினேன். எந்தக் கிழப் பெண்மானும் தன் குட்டியை அங்கே கூட்டிப்போய்ச் சாகடிக்காது. கரையைப் பார்த்த உடனே, இவள் என்னை ஏமாற்றுகிறாள் என்று நீங்கள் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும். தனியாகப் போயிருந்தால் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, எனக்குத் திட்டி ஒரு கடிதம் போட்டிருப்பீர்கள். அந்தக் கடிதத்துக்காக நான் தினமும் துறையில் போய் நின்றேன். அது வந்திருந்தால் உண்மையான இடத்தை அடுத்த படகிலேயே எழுதியிருப்பேன்.

உங்கள் காலுக்கு இப்படி ஆனதற்கு நானும் காரணம். அதை நினைத்து அழுதேன், இப்போதும் அழுகைதான் வருகிறது. நர்ஸிடம் களிம்பும் மாத்திரையும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். உறைபனிக்கு முன் இக்நாத் மாமாவின் கடைசிப் பயணம் இது. அவர் உங்களையும் ஏற்றிக்கொள்வார், நர்ஸ் பார்த்துக்கொள்வார். ஊரில் இக்நாத் மாமா வீட்டில் தங்குங்கள். என்னிடம் வர வேண்டாம். ஊரார் என்ன சொல்வார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. லூஷா என்னிடம், "அப்பாதான் அந்தப் படக ஓட்டுனாரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் அப்பாவின் கடவுக்குப் போனோம். மாவ்ரா அக்கா, நான், ஊரில் துடுப்புப் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும். இடத்தைச் சொல்லப் போவதில்லை. நாய்களைக் கட்டிவிட்டோம், தீ மூட்டவில்லை, பச்சை மீனைத் தின்றுகொண்டு கிடந்தோம். ஒரு விடியற்காலையில் வந்தன. முதல் கூட்டத்தைக் கடக்க விட்டோம். கடந்து முடிந்ததும், பின்னால் வரும் பெரிய கூட்டத்துக்காகக் காத்திருந்தோம். மாவ்ரா அக்கா என் காதில், "எங்கடி மிச்சமெல்லாம்?" என்றாள். மிச்சம் என்று ஒன்று இல்லை. இன்னும் ஒரு சின்னக் கூட்டம் வந்தது, அவ்வளவுதான். பெண்மான்களும் போன வருஷத்துக் குட்டிகளும். பெரிய ஆண் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அடுத்த மாதம் இணைசேரும் காலம். யாரோடு இணைசேரும்? வசந்தத்தில் குட்டி எங்கிருந்து வரும்? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊர் செத்துப்போகாத அளவுக்கு மட்டும் எடுத்தோம். துறையில் வைத்துப் பங்கு பிரித்தோம். வராதவன் பெயரையும் சொல்லி ஒரு குவியல் வைப்பது வழக்கம். உங்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் மாவ்ரா அக்கா நிறுத்திவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "பிரகோபி" என்று. அந்த இறைச்சிதான் இந்த மூட்டையில் இருக்கிறது. உப்புப் போட்டிருக்கிறேன், கெடாது. சாப்பிடுங்கள்.

அடுத்த ஆண்டு மான் வந்தால், உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன்.

அகுலினா